எரிந்த மீத்தேனுக்கே கணக்கு: ஆனேக்கல் பால்பண்ணை ஒன்றின் கண்காணிப்புப் பதிவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 400 கறவை மாடுகள் உள்ள ஒரு தனியார் பால்பண்ணை, சாணத்திலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து எரித்ததற்காகக் கார்பன் கிரெடிட், அதாவது தவிர்த்த உமிழ்வுக்காகத் தரப்படும், விற்கக்கூடிய சான்று, கோரியது. முதல் ஆண்டுக்கான கண்காணிப்பு அறிக்கை, கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக 880 டன் உமிழ்வு தவிர்க்கப்பட்டதாகச் சொன்னது. மீட்டர், எரிப்பான், பழைய சாணக்கணக்கு ஆகிய மூன்றையும் பரிசோதித்து முடித்தபோது கணக்கில் நின்றது 530 டன். பண்ணையில் எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. திட்ட ஆவணத்தில் எழுதியிருந்த கருவி வேறு, தளத்தில் பொருத்திய கருவி வேறு என்பதும், இரவில் சுடர் அணைந்ததைப் பார்க்க ஆளில்லை என்பதுமே பெரும்பகுதி வித்தியாசத்துக்குக் காரணம். இவ்வகைத் திட்டங்களில் சரிபார்ப்புப் பணி செய்பவன் என்ற முறையில், எண் எங்கெங்கே கரைந்தது என்பதை விரிவாகப் பதிவு செய்கிறேன். பண்ணையின் பெயரையும் அங்குள்ளோர் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பண்ணையின் அமைப்பு எளியது. கொட்டகைகளைத் தினமும் இருமுறை குழாய்நீர் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். சாணமும் மூத்திரமும் நீரும் கலந்த குழம்பு, முன்பு திறந்த கழிவுக்குட்டை ஒன்றில் போய்த் தேங்கியது. இப்போது அந்தக் குட்டையின்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தப்பட்டு, கீழே சேரும் வாயு குழாய் வழியாக வெளியே எடுக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் ஜெனரேட்டருக்குப் போகிறது; பால் குளிரூட்டும் தொட்டியும் பம்புகளும் அந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. மிஞ்சும் வாயுவும், ஜெனரேட்டர் நிற்கும்போது வரும் வாயுவும் ஃபிளேர் எனப்படும் எரிப்பானுக்குப் போகின்றன. வேலையாட்களில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து குடும்பத்தோடு அங்கேயே தங்கியிருப்பவர்கள். பதிவேடுகூடத் தமிழில்தான் இருந்தது. அது எங்களுக்குப் பெரிய வசதியாயிற்று.

மீத்தேனை எரிப்பதால் என்ன ஆதாயம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எரிந்தால் அது கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்தக் கார்பன் மாடு தின்ற தீவனம் காற்றிலிருந்து எடுத்ததே என்பதால் கணக்கில் சேர்வதில்லை. எரியாமல் போனால் நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பமூட்டும் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கை தந்த எண். உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கையின் முதல் காலகட்டத்தில் இதே எண் 21 ஆகவும், அடுத்த காலகட்டத்தில் 25 ஆகவும் இருந்தது. பெருக்கும் எண் மாறிக்கொண்டே வருவதால், எந்தக் கண்காணிப்புக் கோப்பிலும் அழிக்கப்பட்ட மீத்தேன் கிலோ கணக்கில் முதலில் நிற்க வேண்டும், டன் நிகர் (கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான டன்) அதற்குப் பிறகே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்பு அந்தச் சாணம் எங்கே போனது?

கருவிகளுக்குப் போவதற்கு முன் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு: திட்டம் வராமல் இருந்திருந்தால் இந்தச் சாணம் எவ்வளவு மீத்தேனை வெளியிட்டிருக்கும்? சிறு திட்டங்களுக்கு இங்கே பயன்படும் ஏஎம்எஸ் 3-டி என்ற சிடிஎம் (கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் வந்த கிரெடிட் ஏற்பாடு) வழிமுறை இதைக் கணக்கிடும் விதம் நேரானது. மாடு ஒன்று நாளொன்றுக்குக் கழிக்கும் மட்கக்கூடிய திடப்பொருளின் எடை, அதிலிருந்து அதிகபட்சம் வரக்கூடிய மீத்தேன், சாணத்தைக் கையாளும் முறையைப் பொறுத்து அந்த அதிகபட்சத்தில் உண்மையில் வெளிவரும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தின் கறவை மாட்டுக்கு ஐபிசிசி 2006 வழிகாட்டி தரும் இயல்பு அளவுகள் (சொந்த அளவீடு இல்லாதபோது எடுத்துக்கொள்பவை) நாளொன்றுக்கு 2.6 கிலோ திடப்பொருள், கிலோவுக்கு 0.13 கன மீட்டர் மீத்தேன். மூன்றாவது எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 24 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் பெங்களூரில், மேலே திறந்திருந்தும் உள்ளே காற்றுப் புகாத கழிவுக்குட்டைக்கு அது 79 சதவீதம். அதே சாணத்தை உலர்வாக மேடு போட்டு வைத்தால் 4 சதவீதம்.

400 மாடுகளுக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் தெரியும். குட்டையில் தேங்கவிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 டன் மீத்தேன், அதாவது 731 டன் நிகர். எருமேடாகப் போட்டிருந்தால் வெறும் 37 டன் நிகர். இதோடு, மூடிய செரிப்பானிலிருந்து (சாணத்தை மூடிவைத்து வாயு எடுக்கும் கலன்; இங்கே விரிப்பு போர்த்திய குட்டை) கசிவதாக எடுத்துக்கொள்ளும் இழப்பு, அதிகபட்ச மீத்தேனில் 10 சதவீதம் என்று வழிமுறை வைத்திருக்கிறது. இந்த மாடுகளுக்கு அது 93 டன் நிகர். ஆக, சாணத்தை எருக்குழியிலோ மேடாகவோ போட்டு, காய்ந்ததும் வயலுக்கு அனுப்பிவந்த ஒரு பண்ணை செரிப்பான் அமைத்து மீத்தேன் கிரெடிட் கேட்டால், தவிர்த்ததைவிடக் கசிவு அதிகமாகிவிடும். நம் ஊர்ப் பண்ணைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை என்பதை, கிரெடிட் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிச் செரிப்பான் கட்ட நினைப்பவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சாண எரிவாயுவால் வேறு ஆதாயம் உண்டு. பெங்களூருக்கு வடக்கே பாகேபள்ளியில் 2005இல் சிடிஎம்மில் பதிவான திட்டம், இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள 5,500 வீட்டுக் கலன்களுக்கானது. அங்கே கிரெடிட் வந்தது அடுப்பில் மண்ணெண்ணெயும் விறகும் மிச்சமானதற்காக. சாணத்தின் மீத்தேனுக்காக அன்று. அங்கே அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. இங்கே எரிந்த வாயுவை அளப்பது கண்காணிப்பு.

ஆனேக்கல் பண்ணையில் பழைய குட்டை உண்மையிலேயே இருந்தது. செயற்கைக்கோள் படங்களின் பழைய ஆண்டுகளைப் பார்த்தபோது, அதே இடத்தில் கரிய நீர்ப்பரப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆழம் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், கழிவு ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருக்க வேண்டும், ஆற்றிலோ ஏரியிலோ திறந்துவிட்டிருக்கக் கூடாது ஆகிய நிபந்தனைகளும் பொருந்தின. ஆனால் சாணம் முழுவதும் ஆண்டு முழுவதும் குட்டைக்கே போனது என்ற ஆவணத்தின் கூற்று பொருந்தவில்லை. பண்ணையில் நெடுங்காலமாக இருக்கும் தருமபுரிக்காரப் பெரியவர் ஒருவரிடம், கோடையில் கழுவத் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். “சித்திரை வைகாசியில ஏது சார் தண்ணி? கையாலதான் வழிச்சு அள்ளுவோம். பாதிச் சாணம் டிராக்டர்ல ஏறி ராகிக்காரங்களுக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் போயிடும்” என்றார். பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது, அந்த இரண்டு மாதங்களில் எரு விற்ற வரவு லோடு லோடாக எழுதப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களில் பாதி என்றால் ஆண்டுச் சாணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்தப் பங்கு பெரியதன்று. அது எழுப்பும் கேள்வி நுட்பமானது. ஏஎம்எஸ் 3-டி, திட்டம் இல்லாதிருந்தால் வந்திருக்கும் என்று கணக்கிட்ட அடிப்படை உமிழ்விலிருந்து கசிவைக் கழித்தால் வருவதையும், மீட்டரில் அளந்து அழித்த மீத்தேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைவான எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அடிப்படை எண் உயரமாக இருந்தால், முன்பு எருவாகப் போய் ஏறக்குறைய எதையும் வெளியிடாதிருந்த சாணம் இப்போது செரிப்பானில் விழுந்து உண்டாக்கும் மீத்தேனும் ‘அளந்து அழித்தது’ என்ற தலைப்பில் நுழைந்துவிடும். ஆண்டுத் தொகைகளை மட்டும் ஒப்பிடும் விதியில் அது தானாகப் பிடிபடாது. திட்டமே உண்டாக்கிய மீத்தேனை எரித்ததற்குத் திட்டம் பலன் கேட்பது முறையன்று என்று கருதி, அளந்த எண்ணிலும் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்று எழுதினோம். பண்ணை உரிமையாளர் சிறிது வாதத்துக்குப் பின் ஏற்றுக்கொண்டார்.

மீட்டர் சொன்ன கன மீட்டர்

சந்தேகம் முதலில் எழுந்தது மொத்த வாயுவின் அளவில். ஒரு சராசரி மாதத்தில் மீட்டர் 6,500 கன மீட்டர் காட்டியது. மீத்தேன் பங்கு 58 சதவீதம். அறிக்கை இரண்டையும் பெருக்கி, கன மீட்டருக்கு 0.716 கிலோ என்ற அடர்த்தியால் பெருக்கி, மாதத்துக்கு 2,700 கிலோ மீத்தேன் என்று கண்டிருந்தது. ஆண்டுக்கு 32 டன்னைத் தாண்டுகிறது. ஐபிசிசியின் இயல்பு அளவுப்படி 400 மாட்டின் சாணம் தரக்கூடிய உச்சமே 33 டன். சாணத்திலிருந்து கோட்பாட்டளவில் வரக்கூடிய மீத்தேனில் 98 சதவீதத்தை ஒரு மூடிய குட்டை கறந்துவிட்டது என்றால் நம்புவதற்கில்லை.

பண்ணை மேலாளரின் பதில் நியாயமானதாகவே இருந்தது. இயல்பு அளவு 275 கிலோ எடையுள்ள மாட்டுக்கானது. தங்கள் மாடுகள் ஹோல்ஸ்டீன் கலப்பினம், சராசரி எடை 420 கிலோ, தீவனமும் சாணமும் அந்த விகிதத்தில் கூடும் என்றார். எடையின் விகிதத்தில் திடப்பொருளைத் திருத்திக்கொள்ள வழிமுறையும் அனுமதிக்கிறது. அப்படித் திருத்தினால் உச்சம் 50 டன்னாகிறது. 32 டன் அதில் 64 சதவீதம் மட்டுமே. எனவே உச்சத்தோடு ஒப்பிடும் சோதனை ஒரு எச்சரிக்கை மணி மட்டுமே. அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எடை கூடியதால் அடிப்படை உமிழ்வும் உயர்ந்துவிட, குறைவான எண்ணாக நின்றது மீட்டர் அளவே. முழு கிரெடிட்டும் அந்த ஒரு மீட்டரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

விடை கிடைத்தது ஜெனரேட்டரிடமிருந்து. அது மாதத்துக்குச் சராசரியாக 5,700 யூனிட் மின்சாரம் தந்தது. மின்சார மீட்டர் முத்திரையிடப்பட்டது, தகராறுக்கு இடமில்லை. இயல்பு நிலையில் (பூஜ்யம் டிகிரி, கடல்மட்ட அழுத்தம்) உள்ள ஒரு கன மீட்டர் மீத்தேனில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. வாயு மீட்டர் சொன்னபடி ஜெனரேட்டருக்குப் போன மீத்தேன் 2,640 கன மீட்டர் என்றால், என்ஜினின் செயல்திறன் 22 சதவீதத்துக்கும் கீழே வருகிறது. நிறுவியபோது எடுத்த சோதனைச் சான்றில் அது 28 சதவீதம். என்ஜின் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் மாற்றிய தேதிகள், ஸ்பார்க் பிளக் மாற்றிய தேதிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆகவே என்ஜின் கெடவில்லை, வாயுதான் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை.

மீட்டரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படித்ததும் விஷயம் விளங்கிற்று. திட்ட ஆவணத்தில் இருந்தது வெப்பவழி நிறை மீட்டர். அது அழுத்தத்தையும் வெப்பத்தையும் தானே திருத்தி இயல்பு நிலைக் கன மீட்டரைக் காட்டும். கொள்முதலின்போது விலை கருதி வாங்கிப் பொருத்தியது டர்பைன் மீட்டர்; அது குழாயில் அப்போதுள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும் வாயுவின் கன அளவை மட்டும் எண்ணும். கணக்குத்தாளை யாரும் மாற்றவில்லை. 0.716 என்ற அடர்த்தியோ பூஜ்யம் டிகிரியில், கடல்மட்ட அழுத்தத்தில் உள்ள வாயுவுக்கானது.

சென்னையில் இதே பிழை நேர்ந்திருந்தால் இழப்பு இதைவிடக் குறைவாக இருந்திருக்கும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 910 மில்லிபார், கடல்மட்டத்தில் 1,013. குழாயின் உள்ளழுத்தம் 20 மில்லிபாரைச் சேர்த்தால் 930. வாயுவின் வெப்பம் சராசரியாக 32 டிகிரி. தவிர, குட்டையிலிருந்து வரும் வாயு நீராவி நிறைந்து வருகிறது. 32 டிகிரியில் அந்த நீராவியின் அழுத்தம் 48 மில்லிபார், அதாவது கன அளவில் ஐந்து சதவீதம் வெறும் ஈரம். மீத்தேன் பங்கை அளக்கும் அகச்சிவப்புக் கருவியோ மாதிரி வாயுவைக் குளிர்வித்து உலர்த்திய பிறகே அளக்கிறது; ஆக, ஈரமான கன அளவை உலர்ந்த சதவீதத்தால் பெருக்கியிருக்கிறார்கள். உயரம், வெப்பம், ஈரம் மூன்றையும் சேர்த்துத் திருத்தினால் மீட்டரின் ஒரு கன மீட்டர் உண்மையில் 0.78 கன மீட்டர். அந்த எண்ணைக் கொண்டு என்ஜினின் செயல்திறனை மறுபடி கணக்கிட்டபோது, அது சான்றில் உள்ள 28 சதவீதத்தில் வந்து நின்றது. மாத மீத்தேன் 2,700 கிலோவிலிருந்து 2,100 கிலோவானது.

இந்தப் பகுதியில் நான் நெடுநேரம் நிற்பதற்குக் காரணம் உண்டு. சுடர் அணைந்தால் ஒருவர் கண்ணிலாவது படும். அடர்த்தியும் கன அளவும் வெவ்வேறு நிலைகளுக்கானவை என்பது எந்தக் கண்ணிலும் படாமல், ஒவ்வொரு மாதமும் ஒரே விகிதத்தில், கணக்குத்தாளின் ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தக்காணத்து மேட்டில் உள்ள எந்தச் சாண எரிவாயுத் திட்டத்தின் கோப்பைத் திறந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது மீட்டரின் வகையைத்தான்.

சுடரும் பதிவேடும்

எரிப்பானில் இரண்டு சிக்கல்கள். முதலாவது வகைப்பாடு. அறிக்கை அதை மூடிய ஃபிளேர் என்று குறித்து 90 சதவீத எரிதிறனை (வரும் மீத்தேனில் எரிந்துபோகும் பங்கு) எடுத்திருந்தது. நேரில் பார்த்தால், பர்னரைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக இடுப்பளவுத் தகரம் ஒன்று வளைத்து வைக்கப்பட்டிருந்தது. எரிதலுக்கான காற்றை டாம்பர் எனும் தடுப்புக் கதவு வழியாகக் கட்டுப்படுத்தி உள்ளே விடும் கூடு இருந்தால்தான் மூடிய ஃபிளேர் என்று ஃபிளேருக்கான சிடிஎம் விதி ஏற்கும். இது திறந்த ஃபிளேர்; அதற்கு விதி தரும் எரிதிறன் 50 சதவீதம். திறந்த சுடர் உண்மையில் அதைவிட நன்றாக எரியக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அளந்து காட்ட வழியில்லாத இடத்தில் குறைவான எண்ணைக் கொள்வதே கிரெடிட்டை வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை.

இரண்டாவது, சுடர் இருந்ததற்கான சான்று. சுடர் கண்டறியப்படாத நிமிடங்களில் எரிதிறன் பூஜ்யம் என்பது விதி. மீத்தேன் சுடர் பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரிவது அரிது; பர்னர் வாய்க்கு மேலே காற்று நெளிவதைக் கொண்டுதான் எரிகிறது என்று அறிய முடியும். அதனால்தான் சுடரின் வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிளும், அதைத் தானே பதியும் டேட்டா லாகரும் தேவைப்படுகின்றன. பண்ணையில் இரண்டும் இருந்தன. கூடவே ஆபரேட்டர் மணிக்கொரு முறை எழுதும் பதிவேடும் இருந்தது. இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை ஒரே மையில், ஒரே சாய்வில், ‘எரிகிறது’ என்ற சொல் வரிசையாக இறங்கியிருந்தது. அதே இரவுகளின் லாகர் பதிவில் வெப்பம் பலமுறை 600 டிகிரிக்கு மேலிருந்து சில நிமிடங்களில் சுற்றுப்புற வெப்பத்துக்கு விழுந்து, விடியும்வரை அங்கேயே கிடந்தது. வேறு சில இரவுகளில் லாகரில் பதிவே இல்லை.

ஆபரேட்டர் கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர். விசாரணையாக இல்லாமல், கருவியின் ஓட்டத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். “கரண்டு போனா ஸ்பார்க் நின்னுடும் சார். திரும்ப வந்தா அதுவா பத்தாது, நான் வந்து பட்டனை அழுத்தணும். ராத்திரி கன்னுக்குட்டிக் கொட்டகையிலயும் நான்தான்” என்றார். முழுக்கதையும் அதில் இருக்கிறது. தீப்பொறிக் கருவியும் லாகரும் ஒரே மின்இணைப்பில் இருந்தன. மின்வெட்டில் இரண்டும் சேர்ந்து நின்றன. டர்பைன் மீட்டர் மட்டும் தன் பேட்டரியில் ஓடி, எரியாமல் வெளியேறிய வாயுவையும் மொத்தத்தில் கூட்டிக்கொண்டே போயிற்று. அந்த இளைஞர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு மணிக்கொரு கையெழுத்துக் கேட்ட ஏற்பாட்டில்தான் குறை.

பதிவு இல்லாத நிமிடங்களையும் சுடரற்றவையாகவே கொண்டோம். அப்படிப் பார்க்க, எரிப்பானுக்குப் போன வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு எரியாமல் போனதாகிறது. மாதத்துக்கு ஜெனரேட்டரில் எரிந்தது 1,470 கிலோ. எரிப்பானுக்குப் போனது 630 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மட்டும் 50 சதவீதம் என்றால் 252 கிலோ. இரண்டும் சேர்ந்து 1,722 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 579 டன் நிகர். எருவாகப் போயிருக்கக்கூடிய பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்தபின் 530.

வாயுப் பகுப்பாய்வுக் கருவியின் அளவுத்திருத்தம் சில வாரம் தாமதமாகியிருந்தது; பிந்தி நடந்த சோதனையில் பிழை அனுமதித்த வரம்புக்குள் இருந்ததால், அந்த வாரங்களுக்கு மட்டும் உச்ச அனுமதிப்பிழையைக் கிரெடிட் குறையும் பக்கத்தில் வைத்தோம். ஆண்டுத் தொகையில் அது குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை.

அதன்பின் பண்ணை செய்த மாற்றங்களில் மிகப் பலனளிப்பது எது என்று கேட்டால், விலை குறைந்ததைத்தான் சொல்வேன்: லாகருக்கும் தீப்பொறிக்கும் தனித்தனி பேட்டரி, வெப்பம் விழுந்தால் தானே மறுபடி பற்றவைக்கும் இணைப்பு, அதுவும் பற்றாவிட்டால் வாயு வால்வை அடைக்கும் பூட்டு. டர்பைன் மீட்டரை மாற்றவில்லை. அதன் பக்கத்தில் அழுத்த, வெப்ப உணரிகள் பொருத்தி, ஒவ்வொரு நிமிடத்தின் கன அளவும் லாகரிலேயே திருத்தப்படுகிறது. மூடிய ஃபிளேர் வாங்குவதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். மிச்ச வாயுவையும் ஜெனரேட்டரிலேயே எரிக்க இரண்டாவது சிறு என்ஜின் வைப்பது மேல் என்ற அவர்கள் கணக்கு சரியென்றே படுகிறது. மாடுகளின் எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பதிவு செய்யவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தீராமல் நிற்பது ஒன்று. செரித்து வெளிவரும் கழிவு, நேப்பியர் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சப்படுவதற்கு முன் திறந்த தொட்டி ஒன்றில் தங்குகிறது. மழைக்காலத்தில் வயல் ஏற்காதபோது வாரக்கணக்கில் தங்குகிறது. அந்த நாட்களில் தொட்டியின் பரப்பில் குமிழிகள் விடாமல் எழுவதை நேரில் பார்த்தோம். அடுத்த கண்காணிப்புக் காலத்துக்கு அந்தத் தொட்டியில் கழிவு தங்கும் நாட்கள் தனியே பதிவாக வேண்டும் என்றும், ஒரு மாதத்தைத் தாண்டினால் அங்கே எழும் மீத்தேனைத் திட்ட உமிழ்வில் சேர்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.